ஹெராயினை விட்டு எட்டு மாதமாகிறது; இப்போது தம்பியின் சிறுநீர் நுரைக்கிறது. சிறுநீரகத்தில் எதைத் தேட வேண்டும்?

1. தம்பியின் அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 33 வயது. ஆறு ஆண்டுகள் ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவன். கடந்த எட்டு மாதங்களாக அதைத் தொடவில்லை. மருத்துவரின் மேற்பார்வையில் ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை எடுத்து வருகிறான். அவனுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே தூக்கினோம். வலது கால் உடம்புக்கு அடியில் மடிந்திருக்க, இரவு முழுவதும் அப்படியே கிடந்திருக்கிறான். ஹெராயினின் வேலையை முறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தவுடன் மூச்சு சீரானது. கண் விழித்தான், பேசினான், பிழைத்துவிட்டான் என்று நினைத்தோம். ஆனால் அன்று மாலை சிறுநீர் சேகரிக்கும் பையில் இறங்கியது உள்ளங்கையளவுதான். அதுவும் கருந்தேநீர் நிறத்தில் இருந்தது. மூன்றாம் நாள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 7.4க்கு ஏறிவிட்டது என்றார்கள். மூன்று வாரம் டயாலிசிஸ் செய்த பிறகு சிறுநீர் தானாகப் பிரியத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியதும் எங்கள் மூச்சும் திரும்பி வந்தது.

இப்போது ஒரு மாதமாகக் காலையில் கண்ணிமைகள் உப்பியிருக்கின்றன, மாலையில் கணுக்கால் வீங்குகிறது, சிறுநீரின் நுரை அடங்க வெகு நேரமாகிறது. சிறுநீரில் புரதம் போவதாகப் பரிசோதனை சொல்கிறது. இது பழைய பாதிப்பின் மிச்சமா, புதிதாக வந்த நோயா? ஹெராயின் சிறுநீரகத்தைத் தானே அழிக்கக்கூடியதா? இப்போது எடுக்கும் புப்ரினார்ஃபினை நிறுத்திவிட வேண்டுமா என்று அவன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

2. சிறுநீரக மருத்துவர்

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புப்ரினார்ஃபினை நிறுத்த வேண்டாம். அதைக் கல்லீரல்தான் சிதைக்கிறது; சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் பொதுவாக அளவைக் குறைக்காமலே கொடுக்கலாம். அதை நிறுத்தினால் அவர் மீண்டும் ஊசிக்குப் போகும் அபாயம்தான் பெரிது. சில மாதங்கள் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு நடந்தது தசைச்சிதைவினால் வந்த திடீர் சிறுநீரகச் செயலிழப்பு. ஒருவர் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அவருடைய உடல் எடையே அடியில் அகப்பட்ட தசையை நசுக்கிவிடும். ரத்த ஓட்டம் நின்று, தசைச் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் கொட்டுகின்றன. மயோகுளோபின் சிறுநீரக நுண்குழாய்களுக்குள் கெட்டித்து அடைத்துக்கொள்கிறது. அதிலுள்ள இரும்பு குழாய்ச் சுவரையும் எரிக்கிறது. 1941இல் லண்டன் குண்டுவீச்சின்போது இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸும் பீலும் விவரித்தார்கள். அங்கே நசுக்கியது சுவர், உங்கள் தம்பிக்கு அவருடைய உடம்பு. மற்றபடி இரண்டும் ஒன்றே.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். நலோக்சோன் மூச்சைத்தான் மீட்கிறது, நசுங்கிய தசையை மீட்பதில்லை. விழித்து எழுந்து பேசுகிறாரே என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடக் கூடாது. பாதிக்கப்பட்ட கை அல்லது கால் கல்லைப்போல் இறுகியிருக்கிறதா, தொட்டால் உணர்வு இருக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் சோதனைக் குச்சியை நனைத்தால் ரத்தம் இருப்பதாகக் காட்டும், ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் தென்படாது, நிறம் மயோகுளோபினுடையது. தசை உடைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி வழக்கமாகச் சில நூறுகளுக்குள் இருக்கும். அது 5,000ஐத் தாண்டினாலே சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. இத்தகைய நோயாளிகளிடம் அது பல பத்தாயிரங்களுக்கும் போகும். முதல் சில மணி நேரங்களிலேயே நரம்பு வழியாக உப்புநீர் தாராளமாகச் செலுத்தப்பட்டால் பலர் டயாலிசிஸ் வரை போகாமல் தப்பிவிடுவார்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்தில் அடிபட்டவை நுண்குழாய்கள்; அவற்றின் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை என்பதால்தான் கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியது. நுரையும் வீக்கமும் வேறோர் இடத்தைக் காட்டுகின்றன. ரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ் என்ற நுண்தந்துகி முடிச்சுகளில் ஓட்டை விழுந்தால்தான் புரதம் இந்த அளவுக்கு ஒழுகும். எனவே இதைத் தனி நோயாகவே கருதித் தேட வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு புரதம் போகிறது, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்பவற்றைச் சொல்லுங்கள்.

3. ஏழு ஆண்டுகளாக விட்டவன்

அக்கா, நானும் அந்தப் பாதையில் போய்த் திரும்பியவன். மறுவாழ்வு மையத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்தவர், ஹெராயின் சிறுநீரகத்தை நேரடியாக அரிக்கும் நஞ்சு என்றும் 'ஹெராயின் சிறுநீரக நோய்' என்றே ஒரு நோய் உண்டு என்றும் சொல்லிக்கொடுத்தார். மருத்துவர் ஐயா ஹெராயினைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டதுபோல் எனக்குத் தோன்றுகிறது. இதைப் படிக்கும் ஓர் இளைஞன், 'ஊசியைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ள மாட்டானா?

4. திசுநோயியலில் இருப்பவன்

அந்தப் பெயரில் ஒரு நோய் பாடநூல்களில் இருந்தது உண்மை. அதன் வரலாறு தெரிந்தால் இப்போது ஏன் தயங்குகிறோம் என்பது விளங்கும்.

1970களில் அமெரிக்க நகரங்களில், குறிப்பாக நியூயார்க்கில், ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் உடல் முழுவதும் வீங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். சிறுநீரகத் திசுவைச் சிறிது எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் குளோமெருலஸ்களின் சில பகுதிகள் மட்டும் தழும்பேறி இறுகியிருந்தன. சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள் பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோனது. இதையே ஹெராயின் சார்ந்த சிறுநீரக நோய் என்று அழைத்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். அதே பழக்கமுள்ள ஐரோப்பியர்களின் பயாப்ஸிகளில் பெரும்பாலும் வேறு வகை அழற்சியே தென்பட்டது. ஹெராயின்தான் நேரடிக் காரணம் என்றால் ஆளுக்கொரு நோயாக ஏன் வர வேண்டும்?

பின்னர் 1980களில் எச்.ஐ.வி. வந்தது. அந்தக் கிருமியும் அதே மக்களிடம், நுண்ணோக்கியில் ஏறத்தாழ அதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் வேகமான தழும்பை உண்டாக்குவது 1984 வாக்கில் விவரிக்கப்பட்டது. ஹெராயின் பயன்பாடு நிற்காதபோதே, 'ஹெராயின் சிறுநீரக நோய்' என்ற பழைய நோயறிதல் 1990களில் நியூயார்க்கில் அருகிப்போனது. தெருவில் விற்ற பொருளின் தூய்மை அந்தக் காலத்தில் கூடியிருந்ததால், பழைய நோய்க்குக் கலப்படமே காரணமாக இருந்திருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். 2010இல் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகமாகக் காணப்படும் ஏ.பி.ஓ.எல்.1 மரபணு மாற்றங்கள் இத்தகைய தழும்புக்கு வழி திறப்பவை என்பது வெளியானது. ஒருவரின் மரபணு திறந்துவைத்த கதவில் ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது என்பதே என் புரிதல்.

நான் பெயரைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வந்த பயாப்ஸி விண்ணப்பங்களில், 'ஹெராயின் பழக்கம் உண்டு' என்ற ஒரே வரியுடன் மற்ற எந்தத் தகவலும் இல்லாமல் வந்தவை பல. அந்த வரியை எழுதியவுடன் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ணித் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். குணப்படுத்தக்கூடிய ஹெபடைடிஸ் சி அங்கே மறைந்திருந்தாலும் கண்ணுக்குப் படுவதில்லை.

5. சிறுநீரக மருத்துவர்

மூன்றாம் பதிவை எழுதிய சகோதரருக்கு: உங்கள் கவலை நியாயமானது. ஹெராயினை நான் விடுவிக்கவில்லை. அது எத்தனை வாசல் வழியாக வருகிறது என்று சொல்ல முயல்கிறேன்.

ஊசியே இல்லாமல் புகைத்தாலும் மூச்சு மந்தமாகி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, ரத்த அழுத்தம் சரிந்தால் நுண்குழாய்ச் செல்கள் மடியும். விட முயலும் நாட்களில் வாந்தியும் பேதியும் தொடர்ந்தால் நீர் வற்றியே சிறுநீரகம் தளரும். பகிரப்பட்ட ஊசியில் ஹெபடைடிஸ் சி வந்தால், உடல் அதற்கு எதிராக உருவாக்கும் புரதக் கூட்டுகள் குளோமெருலஸில் படிந்து அழற்சியை மூட்டும்; சிலருக்குக் கால்களில் செம்புள்ளிகளும் மூட்டுவலியும் சேர்ந்து வரும். தோலிலிருந்து ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்தில் புகுந்து இதயத்தின் வால்வில் கூடு கட்டினால் அங்கிருந்தும் சிறுநீரகம் தாக்கப்படுகிறது. அந்தத் தொற்றுக்குக் கொடுக்கும் வான்கோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளே சிறுநீரகத்தைச் சுடக்கூடியவை என்பதால் அங்கே நாங்கள் கயிற்றின் மேல்தான் நடக்கிறோம்.

இவற்றில் சுத்தமான ஊசி தடுக்கக்கூடியவை உண்டு, தடுக்க முடியாதவையும் உண்டு. சுத்தமான ஊசியால் குளியலறைத் தரையில் கிடந்த ஓர் இரவைத் தடுத்திருக்க முடியாது.

6. ஏழு ஆண்டுகளாக விட்டவன்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நீங்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் பலர் இதை யாரிடமும் சொல்வதில்லை. எனக்குச் சிறுநீர் வராது. அடிவயிறு கனக்கும், போய் நிற்பேன், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி கால் மணி நேரம் நிற்பேன், சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. வெட்கத்தால் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோதுதான் இரண்டு சிறுநீரகங்களும் நீர் தேங்கி விரிந்திருப்பது தெரிந்தது. குழாய் போட்டபோது ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வடிந்தது.

7. சிறுநீரக மருத்துவர்

எழுதியதற்கு நன்றி. ஓபியம் வகை மருந்துகள் அனைத்துமே சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதை உணரவிடாமல் செய்து, பையின் தசையைத் தளர்த்தி, வெளியேறும் வாயை இறுக்குகின்றன. தேங்கிய நீர் மேல்நோக்கி அழுத்தினால் சிறுநீரகம் மெல்ல மெலியும். கேட்க வேண்டிய கேள்வி. நாங்களும் பல நேரங்களில் கேட்பதில்லை.

8. டயாலிசிஸ் செவிலியர்

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். அம்மா, உங்கள் தம்பிக்கு அந்த நிலை திரும்பி வரக் கூடாது என்றே வேண்டுகிறேன். ஆனாலும் ரத்தக்குழாய்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

டயாலிசிஸுக்கு நல்ல சிரை வேண்டும். கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்தால்தான் பல ஆண்டுகள் பாதுகாப்பாக ஓட்ட முடியும். ஊசிப் பழக்கத்திலிருந்து வருபவர்களின் முன்கையைத் தொட்டால் சிரை இருக்க வேண்டிய இடத்தில் விரலுக்குக் கெட்டியான கயிறு ஒன்றுதான் தட்டுப்படும். அதில் ரத்தம் ஓடாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கழுத்துச் சிரையில் குழாய் போட வேண்டியிருக்கிறது. அதில் தொற்று வரும் வாய்ப்பு ஃபிஸ்டுலாவை விடப் பல மடங்கு. மிச்சமுள்ள நல்ல சிரைகளைக் காப்பாற்றுங்கள். ரத்தம் எடுக்க வருபவரிடம், முடிந்த வரை புறங்கையில் எடுக்கும்படி கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று, சிறுநீரகம் நின்றவருக்கு மார்ஃபின் வேறு மருந்தாகிவிடுகிறது. ஹெராயினும் உடலுக்குள் போனவுடன் மார்ஃபினாகத்தான் மாறுகிறது. அதைக் கல்லீரல் மாற்றியமைத்த பிறகும் வீரியம் குறையாத ஒரு கழிவுப்பொருளைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது வெளியேறாமல் தேங்கினால் மூச்சு மறுபடி மறுபடி அடங்கும். எங்கள் பிரிவில் இருந்த ஒருவர் தான் பயன்படுத்தியதை மறைத்துவிட்டார். நலோக்சோன் கொடுத்தோம், விழித்தார். ஒரு மணி நேரத்தில் உதடு மீண்டும் நீலமானது. அன்றிரவு முழுவதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். ஏன் சொல்லவில்லை என்று காலையில் கேட்டபோது, முன்பு வேறோர் இடத்தில் உண்மையைச் சொன்னதற்குப் பிறகு யாரும் தன் வலியை நம்பவில்லை என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்பவரைத் தண்டிக்கும் வார்டில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். இதை என் சக பணியாளர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

9. தம்பியின் அக்கா

ஒவ்வொரு பதிவையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. ஒரு நாளைக்கு 6.2 கிராம் புரதம் போகிறது. அல்புமின் 2.1. எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் பி இல்லை. ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் வைரஸ் இல்லையாம். ஸ்கேனில் சிறுநீரகங்கள் சுருங்கவில்லை. சற்றுப் பெரிதாகவே இருக்கின்றன.

வாசித்து முடித்ததும் அவன் வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கால்சட்டையை உயர்த்தித் தொடையைக் காட்டினான். கையில் சிரை கிடைக்காத கடைசி இரண்டு ஆண்டுகளில் தோலுக்கடியிலேயே குத்திக்கொண்டிருக்கிறான். இரண்டு தொடைகளிலும் ஆறாத புண்கள். ஒன்றில் இப்போதும் சீழ் வடிகிறது. துணியை மடித்துக் கட்டி, அதன் மேல் உடை அணிந்து எட்டு மாதமாக என்னோடு அமர்ந்து சாப்பிட்டிருக்கிறான். கால் வலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் மாத்திரை போடுவதாகவும் இப்போதுதான் சொல்கிறான்.

10. சிறுநீரக மருத்துவர்

சகோதரி, அவர் காட்டியது எந்த ரத்தப் பரிசோதனையையும் விட முக்கியமானது. டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. அவையே புரத ஒழுக்கை உண்டாக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு.

ஹெபடைடிஸ் சி கிருமியை உடலே விரட்டிவிட்டதுபோல் தெரிகிறது. சிலருக்கு அப்படி நடக்கும். அப்படி நடக்காதவர்களுக்கும் இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை கொடுத்தால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். இந்த இழையைப் படிப்பவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாதக்கணக்கில் சீழ் வடியும் புண், அளவுக்கு மிஞ்சிய புரத ஒழுக்கு, சுருங்காத சிறுநீரகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஏ.ஏ. அமிலாய்டோசிஸை. உடலில் எங்கேனும் அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருந்தால், கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தை நாள்தோறும் அள்ளிக் கொட்டும். அதன் துண்டுகள் தவறாக மடிந்து, கரையாத இழைகளாகச் சிறுநீரகத்தில் படிகின்றன. காசநோயிலும் நெடுங்கால மூட்டழற்சியிலும் வரும் அதே நோய்தான். தோலுக்கடியில் குத்திக்கொள்பவர்களிடம் இந்தப் புண்களே அந்தத் தீயை அணையாமல் வைத்திருக்கின்றன. ஊகத்தோடு நிற்காமல் பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். அல்புமின் இவ்வளவு குறைந்திருக்கும்போது சிரைகளில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

11. திசுநோயியலில் இருப்பவன்

பயாப்ஸி விண்ணப்பத்தில் தொடைப் புண்களைப் பற்றிக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அமிலாய்டைக் காட்டிக்கொடுக்க காங்கோ சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும்; முனைவாக்கிய ஒளியில் அது ஆப்பிள் பச்சையாக மின்னும். சந்தேகம் எழுதப்பட்டிருந்தால் அந்தச் சாயத்தை முதல் நாளே ஏற்றிவிடுவோம்.

12. தம்பியின் அக்கா

ஐந்து மாதங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்தை மன்னியுங்கள். பயாப்ஸியில் ஏ.ஏ. அமிலாய்டு என்று உறுதியானது. அறுவை மருத்துவர் இரண்டு முறை புண்களைத் திறந்து அழுகிய திசுவை அகற்றி, பிறகு தோல் ஒட்டினார். ஒரு மருத்துவமனையில், 'இவன் மறுபடி குத்திக்கொள்வான், எதற்கு வீண் வேலை' என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் அப்படி யாரும் பேசவில்லை. புப்ரினார்ஃபின் தொடர்கிறது. புரதம் 6.2இலிருந்து 3.8 கிராமுக்கு வந்திருக்கிறது, கிரியாட்டினின் 1.6. வீக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் தருகிறார்கள். கிரியாட்டினின் கூடியிருக்கிறதே என்று பயப்படுகிறேன். இனி எதைப் பின்தொடர வேண்டும் ஐயா?

13. சிறுநீரக மருத்துவர்

புரத ஒழுக்கைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடங்கும்போது கிரியாட்டினின் சிறிது ஏறுவதுண்டு, அது 1.6இலேயே நிலைக்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள், பொட்டாசியத்தையும் சேர்த்து. உங்கள் தம்பி போன்ற மெலிந்த உடலில் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் உண்மை நிலையைவிட நல்லதாகக் காட்டக்கூடும். ஆகவே தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையை ஒரு முறையாவது செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக சீரம் அமிலாய்டு ஏ அளவைக் கேளுங்கள். அது லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே நின்றால் புதிய படிவு ஏறத்தாழ நின்றுவிடும், பழைய படிவும் சிலருக்கு மெல்லக் கரைகிறது. அந்தப் பரிசோதனை கிடைக்காத இடத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதத்தின் அளவைக் கொண்டு கணிக்கலாம். புண் ஆறிய தோலை வாரம் ஒரு முறை அவரே வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

14. தம்பியின் அக்கா

சி.ஆர்.பி. சென்ற மாதம் 48, இந்த மாதம் 9. தோலை வாரா வாரம் அவனே பார்க்கிறான். நேற்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.